முட்டு வலி என்று சொல்லிவைத்தேன்

புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். இனி உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். ஆனால் எட்டு மாதமாகியும் இடுப்புக்குக் கீழே ஒரு சலனமும் இல்லை. மாத்திரையும் கேட்கவில்லை. 'ஷாக் வேவ்' என்று ஒரு சிகிச்சை இருக்கிறது, வாரம் ஒன்றாக ஆறு முறை, பலன் உறுதியில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தலையாட்டிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"முப்பது வருசம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தும் ஒருநாள் ஷாக் அடிக்காமத் தப்பிச்சிட்டீங்க. இப்போ போயி அங்கன வைக்கச் சொல்லுதீங்களா?"

"கரண்ட் இல்லட்டி, ஒலி அலை."

"சத்தம் வேறயா?" என்றாள்.

வெளியே முட்டு வலிக்கு வைத்தியம் என்று சொல்லிக்கொள்வதாகத் தீர்மானித்தோம். அதுதான் வினையானது. மகளின் மாமனார் திசையன்விளையில் உரக்கடை வைத்திருப்பவர். அவருக்கு நிஜமாகவே முட்டு வலி. மகள் வழியாகக் கேள்விப்பட்டு, என் மூன்றாவது முறைக்கான நாளன்று காலை ஏழு மணிக்கே எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்களுக்குக் குடுக்குததையே எனக்கும் குடுக்கச் சொல்லுங்க சம்பந்தி."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வண்ணார்பேட்டை கிளினிக்கில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் நழுவலாம் என்று இருந்தேன். அதற்குள் அவரே போய்த் தன் பேருக்கு டோக்கன் வாங்கிவிட்டார். பேர் கூப்பிட்டதும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வழக்கமான டாக்டர் இல்லை. புதிதாக ஓர் இளைஞர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"எவ்வளவு நாளா பிரச்சினை?"

"ரெண்டு வருசமாச்சு சார்" என்று முந்திக்கொண்டார் சம்பந்தி.

"காலையில எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா?"

"காலையிலதான் ரொம்ப. பத்து மணி வரைக்கும் மடக்கவே முடியாது."

டாக்டர் நிமிர்ந்தார். "பத்து மணி வரைக்குமா?"

"மழைக்காலத்துல பதினொண்ணு ஆயிரும். வீட்டுல எண்ணெய் தேச்சு நீவி விடுவா, அப்புறந்தான் கடைக்குப் போவேன்."

"சார், நாலு மணி நேரம் நின்னாலே ஆபத்து."

"நிக்கவே முடியலன்னுதான சார் வந்திருக்கேன்!"

நான் சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி எக்ஸ்ரேயை உருவி நீட்டினார். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது முட்டு."

"பின்னே?"

"எலும்பு டாக்டரைப் பாருங்க. இங்க இதுக்குப் பாக்கிறதில்ல."

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "அப்போ உங்களுக்கு மட்டும் எப்படிப் பாக்காவ?"

எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டே வாக்கியத்தில் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டீயை ஆற்றினார், குடிக்கவில்லை.

"வலிக்குமாவே?" என்றார் பைய. சம்பந்தியான இந்தப் பதினாலு வருடத்தில் 'நீங்க'வைத் தவிர வேறு சொல் வந்ததில்லை அந்த வாயிலிருந்து; 'வே' என்றது அன்றைக்குத்தான்.

"வலிக்காது. கதவைத் தட்டுத மாதிரி டக்டக்குன்னு இருக்கும்."

"யாராவது தொறந்தாவளா?"

"இன்னும் இல்ல."

அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் சிரித்தோம். கடைக்காரர் எட்டிப் பார்க்குமளவு சிரித்தோம். பிறகு நான் கிளினிக்குக்குத் திரும்பிப் போய்ச் சிகிச்சைக்குப் படுத்துவிட்டு வரும்வரை சம்பந்தி என் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார்.

ஆறு முறையும் முடிந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை; நரம்பு தேற இன்னும் நாளாகலாம் என்கிறார் டாக்டர். சம்பந்தி வந்துபோன அன்று மத்தியானமே, கிளினிக்கில் நடந்ததை மனைவியிடம் நடித்துக் காட்டினேன். "பதினொண்ணு ஆயிருமா!" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தவள் மூச்சு வாங்கி என் தோளில் சாய்ந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பக்கத்தில் வந்தாலே ஏதோ சாக்குச் சொல்லி எழுந்து போய்க்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.