கல் நீக்கிய மிளகு

வளைகுடா நாட்டுத் தேராப் பகுதியில் கடற்கழியை ஒட்டிய பழைய சரக்குக் கிடங்கொன்று இப்போது கலைக்கூடமாக விளங்குகிறது. மகள் இல்லத்தில் தங்கியிருந்த நான் சென்ற குளிர்காலத்தில் சில நாள் அங்குச் சென்றுவந்தேன். போர்த்துகலிலிருந்து வந்திருந்த பெண் கலைஞர் ஒருவர் தம் படைப்புக்குரிய விளக்கம் தமிழிலும் சுவரில் இடம்பெற வேண்டுமென விரும்பினார். அதை எழுதும் பணி எனக்கு வாய்த்தது.

படைப்பு தரையில் அமைவது. அருகிலிருந்த கடைத்தெருவில் வாங்கிய இரண்டு மூட்டை மிளகைப் பாய்மரக் கப்பலின் வடிவில் பரப்பியிருந்தார். மிளகோடு சிறு கற்களும், துருவேறிய ஆணிகளும், நீலப் பூ வரைந்த ஓட்டுத் துண்டுகளும் கலந்திருந்தன. அவ்வோடுகள், ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடொன்றில் அதிகாரியாக இருந்த அவருடைய பாட்டனாரின் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்தவை.

"பள்ளியில் எங்கள் கடலோடிகளின் துணிவைக் கற்றோம். அவர்கள் எரித்த துறைமுகங்களைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை" என்றார் அவர். கிழக்குக் கரையோரத்தவனாகிய எனக்கு அவ்வூர்களுள் சிலவற்றின் பெயர் தெரியும்.

சனியும் ஞாயிறும் கூடம் அடைத்திருந்தது. காவலுக்கு இருந்தவர் சிவகங்கைப் பக்கத்துத் தொழிலாளர் ஒருவர். இரண்டாண்டுகளுக்குப் பின் அவருக்கு விடுப்புக் கிடைத்திருந்தது. திங்கள் இரவு விமானம். அவர் இங்கு வந்த பின் பிறந்த மகளை அன்றுவரை கைப்பேசியில் மட்டுமே கண்டிருந்தார்.

திங்கள் காலை நாங்கள் உள்ளே நுழைந்தபோது கப்பல் அப்படியே இருந்தது. மிளகு மட்டும் கருமணிபோல் மின்னியது. கல் இல்லை, ஆணி இல்லை, ஓடும் இல்லை. மூலையில் மூன்று தகர டப்பாக்கள் இருந்தன.

"கல்லும் கரடுமா கெடந்துச்சுய்யா," என்றார் தொழிலாளர், பாராட்டை எதிர்நோக்கிய முகத்துடன். "அட்டை மூடியில போட்டுப் பொடச்சு, ரெண்டு நாளாப் பொறுக்குனேன். கடைக்காரன் மேடத்த நல்லா ஏமாத்திப்புட்டான்."

கலைஞர் தரையில் அமர்ந்துவிட்டார். மறுநாள் திறப்பு. செய்தியறிந்து வந்த மேற்பார்வையாளர் டப்பாக்களைக் கண்டதும், எல்லாம் முடிந்தது, விடுப்பு இல்லை என்று அரபு கலந்து கையை வீசினார். "கலாஸ் பாய். லீவு மாஃபி. டிக்கெட் கேன்சல்."

தொழிலாளர் ஒரு டப்பாவைத் தூக்கிவந்து என்னிடம் நீட்டினார். "நான் திருடலய்யா. ஆணி ஒண்ணு கொறையாது, எண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

அக்கற்கள் ஏன் கிடக்கின்றன என்பதை விளக்கும் என் குறிப்பு, செம்மை செய்யப்பட்ட நடையில், என் பையில் இருந்தது. வரவிருக்கும் பார்வையாளர்க்காகச் சொல் சொல்லாக இழைத்த நான், ஐந்தடி தொலைவில் நாள்தோறும் நின்ற மனிதரிடம் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. அதை அப்போதே ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டேன். கலைஞர் எழுந்தார். "நானும் சொல்லவில்லை. இவர் செய்தது பிழையன்று. மாலைக்குள் கலந்துவிடலாம், இவரும் உடன் இருக்கட்டும்" என்றார். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் டயம். வேல முடிஞ்சா இவன் போகட்டும்."

மூவரும் மண்டியிட்டோம். தொழிலாளரின் கை மட்டும் டப்பாவின் மேல் நின்றது.

"தெரிஞ்சே கல்லப் போடச் சொல்றீகளேய்யா. திங்கிற பொருளு."

இம்மிளகைத் தின்று வளர்ந்தவர்கள் அதனுள் கிடந்ததைக் காண மறுத்தார்கள், அதைக் காட்டவே இந்தக் கப்பல் என்று நான் சொன்னேன். அவர் கலைஞரை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தன வருசமாப் பொறுக்காமலா தின்னாக? இவுக ஊர்ல சொளகு கெடையாதா?"

சொளகு என்பது புடைக்கும் முறம் என்று விளக்கி மொழிபெயர்த்தேன். கலைஞர் சிரித்தார், பிறகு சிரிப்பு அடங்கி, "கிடையாது என்று சொல்லுங்கள்" என்றார்.

"அப்பப் போட்டுருவோம்," என்று தொழிலாளர் முதல் ஆணியை எடுத்தார். எறியவில்லை, நாற்று ஊன்றுவதுபோல் மிளகுக்குள் வைத்தார். நீல ஓடு ஒவ்வொன்றையும் பூ தெரியும்படி திருப்பி வைத்தார். கலைஞர் தம் கையை நிறுத்திவிட்டு அவர் வைக்கும் முறையைப் பார்த்து, தாமும் அவ்வாறே வைக்கலானார்.

மூன்றரை மணிக்கு மேற்பார்வையாளர் வந்து கப்பலைச் சுற்றி நடந்தார். "யல்லா, கெளம்பு. பஸ் நிக்குது."

தொழிலாளர் குழாயடியில் இருமுறை சோப்பிட்டுக் கழுவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"காரம் போகலய்யா. நாளைக்குப் பிள்ளையத் தூக்கும்போது கண்ணுல பட்டுருமே."

எண்ணெய் தேய்த்துக் கழுவினால் போகும் என்றேன். கலைஞர் என்ன பேச்சென்று கேட்டார், சொன்னேன். அவர் தம் உணவுப் பையிலிருந்து, ரொட்டிக்கெனத் தம் ஊரிலிருந்து கொணர்ந்திருந்த ஒலிவ எண்ணெய்ச் சீசாவை எடுத்துவந்தார். தொழிலாளர் இரு கைகளையும் குவித்து நீட்டினார். அவை நிறையும்வரை அந்த அம்மையார் ஊற்றினார்.