செட்டாப் பாக்ஸின் பதினோரு வாட்

1. புகார்

மூணாற்றில் டிஷ், டிவி சர்வீஸ் வேலைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தொழிலில் பாதி நேரம் மலையேறுவதில் போகும். மீதி நேரம், நாம் செய்யாத தவறுக்குப் பதில் சொல்வதில் போகும். அன்று வந்த புகாரும் அந்த வகை என்றுதான் நினைத்தேன்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் சுடலைமுத்து போனில் கத்தினார்.

"தம்பி, நீங்க புதுப் பொட்டி மாட்டுனதுல இருந்து சம்பளச் சீட்டுல கரண்டுக்கு கூடக்கூடப் பிடிக்கான். பொட்டியா அது, பேயா?"

ஜீப் பாதி வழிதான் போகும். மீதி தூரம் படி. எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டுக்குள் நுழைந்தபோது நண்பகல். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த சுடலைமுத்து மட்டும் இருந்தார். மனைவி பேச்சியம்மாள் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்.

பிளக்கில் செருகும் வாட் மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ரிமோட்டில் அணைத்த டிவி அரை வாட்டுக்கும் குறைவு, அதை விட்டுவிடலாம். செட்டாப் பாக்ஸ் ஓடும்போது பன்னிரண்டு வாட். ரிமோட்டில் அணைத்த பிறகு பதினொன்று.

"அணைச்சிட்டீகளா, இல்லையா?" என்றார் சுடலைமுத்து.

"அணைச்சாச்சு. பச்சை லைட்டு சிவப்பாயிருச்சு பாருங்க. அவ்வளவுதான் வித்தியாசம். உள்ள எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"அடப்பாவி! நான் அஞ்சு நிமிசம் ஒக்காந்தா சூப்பர்வைசர் வந்து நிக்கான். இது நாள் பூரா சும்மா ஒக்காந்து கரண்டு குடிக்கா?"

அவர்கள் டிவி பார்ப்பது தினம் நாலு மணி நேரம். பாக்ஸ் மின்சாரம் எடுப்பது இருபத்து நாலு மணி நேரமும். மாதத்துக்கு ஏறக்குறைய எட்டு யூனிட். சம்பளச் சீட்டில் ஏறியது முழுவதற்கும் அது காரணமில்லை என்றேன். அவர் காதில் எட்டு யூனிட் மட்டும் விழுந்தது.

பிளக் பாயின்ட் அலமாரிக்குப் பின்னால் கை போகாத இடத்தில் இருந்தது. பாக்ஸை முழுதாக அணைக்கக் கதவோரம் ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தேன். பாக்ஸின் மேல் வெள்ளையாக ஒரு வட்டத் தடம் காய்ந்திருந்தது. சுண்ணாம்பாக இருக்கும் என்று துடைத்தேன். என்னவென்று கேட்கவில்லை.

2. பொங்காத மாவு

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேச்சியம்மாள் கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து என்னத்தச் செஞ்சிட்டுப் போனீக? மாவு பொங்கவே இல்ல. அரைச்சு வச்ச மாதிரியே கெடக்கு."

"மாவுக்கும் எனக்கும் என்னக்கா?"

"பொட்டி மேலதான மாவுச்சட்டிய வைக்கேன்!"

விறகடுப்பு இருந்தவரை அடுப்படிச் சூட்டில் மாவு பொங்கியிருக்கிறது. கேஸ் வந்த பிறகு அடுப்படியும் குளிர்ந்துவிட்டது. மூணாற்றுக் குளிரில் மாவு இரண்டு நாளானாலும் அசையாது. புதுப் பெட்டி எந்நேரமும் கதகதப்பாக இருப்பதைப் பேச்சியம்மாள்தான் கண்டுபிடித்தார். சாயங்காலம் சட்டியை அதன் மேல் வைத்துக் கம்பளியால் மூடினால் விடியும்போது மாவு தயார். நான் வீணாகப் போகிறது என்று அளந்து சொன்ன பதினோரு வாட் அதுதான்.

கணவன் மனைவி இருவருக்கும் ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. பிறகு லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இட்லி வியாபாரம்தான் என்று பேச்சியம்மாள் முடிவு செய்திருந்தார். கீழே ஒரு ஹோம்ஸ்டேயில் மூன்று நாள் வெள்ளோட்டம் கொடுத்திருந்தார்கள். பிடித்தால் தினசரி ஆர்டர். அன்று இரண்டாம் நாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது இட்லி வெந்து இறங்கியிருந்தது. ஒன்றை அமுக்கிப் பார்த்தேன். விரல் இறங்கவில்லை. வேறு மாவு கிடைக்க வழியில்லாததால் அதையே அனுப்பினார்.

ஷிப்ட் முடிந்து வந்த சுடலைமுத்து வாசலிலேயே நின்றார். "நாந்தான் ராத்திரி போறப்ப ஸ்விட்ச அமத்துனேன். எலிக்குப் பயந்து சட்டிய மேல ஏத்தி வைக்கான்னுல்லா நெனச்சேன்."

"நெனப்பீக. தட்டுல வந்து விழுற இட்லி எங்க பொங்குதுன்னு இத்தனை வருசத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கீகளா?" என்றார் பேச்சியம்மாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேள்வி எனக்கும்தான்.

3. பிறகு

இட்லி கல்லாக இருக்கிறது என்று ஹோம்ஸ்டேயில் அன்றே நிறுத்திவிட்டார்கள். நானே போய்ப் பேசினேன். அங்கேயும் டிஷ் என்னுடைய சர்வீஸ்தான். மலையாளி மேனேஜர் கையை விரித்தார்.

"கெஸ்ட்டுகிட்ட டிவிப் பெட்டியை ஆஃப் பண்ணிட்டாங்கன்னு நான் பறைய முடியுமா, அண்ணா? டவுன் ஹோட்டல்ல ஏற்பாடு பண்ணியாச்சு."

அந்த ஆர்டர் திரும்பி வரவில்லை. பாக்ஸின் மேல் சட்டியை வைக்க ஒரு கம்பி ஸ்டாண்ட் வாங்கிக் கொடுத்தேன். காற்றுத் துளை அடைபடாது, மாவு வழிந்தாலும் பாக்ஸுக்குள் போகாது. பகலில் ஸ்விட்சை அணைப்பது, மாவு வைத்ததிலிருந்து விடியும்வரை விட்டுவைப்பது என்று இருவரும் பேசி முடித்தார்கள். எட்டு யூனிட்டில் பாதி மிச்சமாகிறது. பேச்சியம்மாள் இப்போது ஜீப் ஸ்டாண்ட் டிரைவர்களுக்கு மட்டும் இட்லி கொடுக்கிறார். அது வாடகைக்குப் போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு கருவி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று மீட்டர் சொல்லும். அது அந்த வீட்டில் யாருக்கு என்ன செய்கிறது என்பதை அங்கே வேலை செய்கிறவர்தான் சொல்ல வேண்டும். புதிதாக வரும் மெக்கானிக்குகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போங்கள். ஒருவர் இல்லையென்றாலும் ஸ்விட்சில் கை வைக்காதீர்கள். யாராவது இல்லையென்றால் நான் அப்படியே மலையிறங்கி, இன்னொரு நாள் மறுபடி ஏறுகிறேன்.