ரசீது எண் என்று நான் எழுதி வைத்த எண்

போன வருடம் ஐப்பசியில், திருநெல்வேலியில் விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் நூலக மாடியில் ‘எழுத்து உதவி மையம்’ என்று பலகை மாட்டிய அறைக்குள், அவள் பின்னாலேயே பச்சை ஃபைலோடு நுழைந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

மகளுக்குத் தண்ணீர் மேலாண்மை பற்றி வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க ஆசை. ஏன் படிக்க விரும்புகிறோம் என்று சொந்த வார்த்தைகளில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, இணையத்தில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவள் எழுதி வைத்ததைப் புதன்கிழமை காலையில் அவளுக்குத் தெரியாமல் படித்தேன். வணக்கம் இல்லை, பணிவு இல்லை. ‘எனக்குத் தெரிய வேண்டும்’ என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்திருந்தாள். பெரிய இடத்தில் இப்படியா பேசுவது?

நான் அரசு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக மனுக்களோடு வாழ்கிறவள். அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சீர்படுத்தினேன். பொருள், பார்வை என்று தலைப்புகள் போட்டேன். குடும்ப நிலையை விவரித்தேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டினேன். கருணையோடு பரிசீலிக்கக் கேட்டு முடித்தேன். அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும் என்பதால் நானே அனுப்பியும் விட்டேன். திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு வரியும் ஒரு எண்ணும் வந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு எண் கிடைத்துவிட்டால் போதும், தைரியம் வந்துவிடும். ஃபைல் அட்டையில் ‘ரசீது எண்’ என்று எழுதி, தேதி, நேரம் குறித்துக்கொண்டேன்.

மகளிடம் சொல்லவில்லை. மறுநாள் அவள் தன் பக்கத்தை எடுத்துக்கொண்டு மையத்துக்குக் கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே என் எழுத்தைப் பாராட்டுவார்கள், அந்தச் சூட்டோடு உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம்.

மையத்தில் இருந்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. முப்பது வயதுகூட இருக்காது. “நாங்க திருத்தித் தர மாட்டோம்மா. சத்தமாப் படிப்போம், கேள்வி கேப்போம். பேனா எழுதுதவங்க கையிலதான் இருக்கும்” என்றார். நான் முந்திக்கொண்டு என் பக்கங்களை நீட்டினேன்.

அவர் படிக்கப் படிக்க, பக்கத்து மேசைப் பெண் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“நாலு எடத்துல மன்னிக்கணும்னு இருக்கே. அப்படி என்ன தப்பு செஞ்ச?” என்று என் மகளைக் கேட்டார்.

“நான் ஒண்ணும் செய்யலக்கா. இது எங்கம்மா எழுதுனது.”

“ஏட்டி, அது மரியாதைக்கு” என்றேன்.

“பார்வை ஒண்ணுன்னு என் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டைப் போட்டிருக்காவ பாருங்கக்கா.”

ஆராய்ச்சி மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு மகளுடைய பக்கத்தை எடுத்தார். எது தெரிய வேண்டும் என்று அவளைக் கேட்டார். நான் பதில் சொன்னேன். ஏன் தண்ணீர் என்று கேட்டார். அதற்கும் நானே சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு நான் வாயைத் திறந்ததும், “அம்மா, நீங்க அந்த ஜன்னல்கிட்டப் போய் உக்காருங்க. அங்கன காத்து நல்லா வரும்” என்றார். காற்றோடு சாரலும் நன்றாகவே வந்தது.

பிறகுதான் மகள் பேசினாள். “வெள்ளம் வந்த வருசம் எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவுக்கு ஆத்துத் தண்ணி. குடிக்க மட்டும் சொட்டு இல்ல. எங்கம்மா ஃபைலெல்லாம் பரண்ல ஏத்துனாவ, குடிதண்ணிக் குடத்தை மறந்துட்டாவ. தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கும்போதுதான், இது ஏன் இப்படின்னு தெரிஞ்சே ஆகணும்னு தோணிச்சு.”

என் நச்சரிப்புக்குப் பயந்துதான் தூர தேசம் போகப் பார்க்கிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் மனுவிலோ ‘குடும்ப முன்னேற்றம் கருதி’ என்று காரணம் எழுதியிருந்தேன். எழுந்து நின்றேன்.

“நான் அதை அனுப்பிட்டேன்.”

“எதை?” என்றாள் மகள்.

“அதைத்தான். நேத்தே.”

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மூடிய ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான், அனுப்பிய பிறகு மாற்ற முடியாது என்று ஆராய்ச்சி மாணவி மெதுவாகச் சொன்னார். “ரசீது எண்கூட இருக்கு” என்று ஃபைலை நீட்டினேன்.

மகளை விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அம்மா, இது ரசீது இல்ல. ஏத்துக்கலன்னு சொல்லுத எண். ஐந்நூறு வார்த்தைக்கு மேல போனா அது வாங்காது. நீங்க ஆயிரத்தி நூறு எழுதியிருக்கீங்க.”

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். “இனிமே எனக்காக எது எழுதுனாலும் நீளமாவே எழுதும்மா” என்றாள். பக்கத்து மேசைப் பெண் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

அதன்பிறகு இரண்டு மணி நேரம் அவர்கள் கேள்வியும் பதிலுமாக இருந்தார்கள். பேனா மகள் கையைவிட்டு நகரவில்லை. நான் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்ததோடு சரி. மறுநாள் காலை அவளே அனுப்பினாள். கடவுச்சொல்லையும் மாற்றினாள். பங்குனியில் இடம் கிடைத்தது. இப்போது அங்கேதான் படிக்கிறாள்.

நான் கொஞ்சம் சுருக்கமாக எழுதுகிறவளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. அவள் ஃபோனில் ஏதாவது சொல்ல ஆரம்பித்துப் பாதியில் யோசித்து நிற்கும்போது, மீதியை நான் சொல்லி முடிப்பதில்லை. அந்த ஒன்றிரண்டு நொடி சும்மா இருப்பதற்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும், ஆனால் என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் அந்த நொடிக்குப் பிறகுதான் வருகிறது.