மாத்திரையோடு ஒரு கல்யாணம்

கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அதற்கு முன் லாரி. லாரிக் காலத்தில்தான் எனக்கு எச்.ஐ.வி. தொற்றியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்ததும் உடம்பு தேறிவிட்டது, மனசுதான் தேறவில்லை. கல்யாணப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவேன்.

ஜங்ஷனில் தள்ளுவண்டியில் இட்லி விற்றவள் செய்யூர்ப் பக்கத்துப் பெண். ஐ.டி. பையன்கள் திரும்பத் திரும்பச் சட்னி கேட்டால், திட்டிக்கொண்டே ஊற்றுவாள். எனக்கு நாஸ்தா தினமும் அங்கேதான். ஒருநாள் கூட்டம் கலைந்ததும், தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"இன்னா, இப்படியே வந்து துன்னுட்டுப் போயிகினே இருப்பியா? என்னக் கட்டிக்கிறியா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும் வந்தது. அவளிடம் மறைக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, கழுவுவதையும் நிறுத்தவில்லை.

மறுநாள் அவள் தள்ளுவண்டி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். கோவளத்துக்குச் சவாரி போனபோது கண் கலங்கி ரோடு தெரியாமல் ஓரங்கட்டினேன். பக்கத்திலிருந்த பெரியவர், "தூசியாப்பா?" என்றார். ஆமாம் என்றேன்.

வாரக் கடைசியில் அவளே ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தாள்.

"மாத்திரய ஒழுங்கா போட்டுகினு கீறியா?"

"ஒரு நாள்கூட வுட்டதில்ல."

"எங்க நைனா டிபி மாத்திரய பாதில நிறுத்தினாரு. அதுலயே போயிட்டாரு. நீயும் நிறுத்துற ஆளா இருந்தா இப்பவே சொல்லிடு."

"மாட்டேன்."

"அப்போ உன் டாக்டராண்ட இட்டுகினு போ. நானே கேக்கணும்."

டாக்டரம்மா முன்னால் நான்தான் கூச்சத்தில் நெளிந்தேன். அவள் நேராகவே கேட்டாள்: "இவரோட குடும்பம் நடத்துனா எனக்கு வருமா? புள்ள பெத்துக்கலாமா? ஒளிக்காம சொல்லுங்க."

"இவர் ரத்தத்துல கிருமி, டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கொறஞ்சிருக்கு. மாத்திரைய விடாம சாப்பிட்டு இது இப்படியே இருந்தா, உறவு மூலமா உங்களுக்குப் பரவாது. குழந்தையும் பெத்துக்கலாம். நீங்களும் அப்பப்போ டெஸ்ட் எடுத்துக்கங்க."

அவள், "இத ஏன் எவனும் வெளிய சொல்ல மாட்றான்?" என்று கோபப்பட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், அந்த அறையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

திருப்போரூரில் தாலி கட்டினேன். அவள் பக்கத்தில் அக்கா மட்டும் வந்திருந்தார். அவருக்கு விஷயம் தெரியும். வாழ்த்தினார், ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். மனைவி ரொம்ப நாள் அக்காவுக்குப் போன் செய்யவில்லை.

பிறகு மகள் பிறந்தாள். மனைவிக்கு எல்லாப் பரிசோதனையிலும் தொற்று இல்லை என்றே வந்தது. குழந்தையைப் பார்க்க அக்கா ஒரு பை வேர்க்கடலையோடு வந்தார். மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திடீரென்று மனைவியைப் பார்த்து அழத் தொடங்கினார்.

"உன் மாமா லாரில சவுக்கு லோடு ஏத்தினு ஊர் ஊரா போயிட்டு வராரு. எனக்கு ரொம்ப நாளா ஒரு பயம் கீது. நானும் டெஸ்ட் எடுத்துக்கட்டுமா?"

"அதுக்கு ஏன் அழுவுற? மாமாவயும் கூட்டினு வா. இருந்தா மாத்திர கீது. இல்லன்னா நிம்மதி. மொதல்ல சாப்டு."

அக்கா சாப்பிட்டார். மீன் குழம்பு இரண்டாம் முறையும் ஊற்றச் சொன்னார்.

மாமாவைச் சம்மதிக்க வைக்கச் சில வாரங்கள் பிடித்தன. இருவருக்கும் தொற்று இல்லை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அவர்கள் ஊரில் யார் உண்டானாலும், "எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தியா?" என்று முதலில் கேட்பது அக்காதான்.