கடைசி டிராமை ஓட்டியவர்

நகரத்தின் கடைசி டிராமை ஓட்டியது தாம்தான் என்று டிரைவர் பெரியவர் சொல்லாத நாளே கிடையாது. மனுஷர் ஓய்வு பெற்றாலும் அந்தப் பேச்சு ஓய்வு பெறவில்லை. அவர் தொண்டையைச் செருமினாலே மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்படியிருக்க, ஆவணக் காப்பகத்திலிருந்து ஆள் வந்தது. கடைசி டிராம் ஓடிய படச்சுருள் அகப்பட்டிருக்கிறதாம், ஆனால் ஊமைப்படமாம். அந்தக் காலத்து ஆட்களைக் கூட்டிவைத்து அதைப் போட்டுக்காட்டுவார்கள். பார்த்துக்கொண்டே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, ஒரு வார்த்தைகூட மாற்றாமல் படத்தோடு சேர்த்துவிடுவார்கள். பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி, மகள், மாப்பிள்ளை மூவரையும் இழுத்துக்கொண்டு போய் நடு வரிசையில் உட்கார்ந்தார்.

விளக்கை அணைத்தார்கள். பளிச்சென்ற வெயிலில், இருபுறமும் ஜனம் கையசைக்க டிராம் வந்தது. ஓட்டுகிற இடத்தில் நின்றது, உயரத்துக்காக எல்லாரும் நெட்டை என்று கூப்பிட்டவர். பெரியவரோடு ஒரே பணிமனையில் வேலை பார்த்து, டிராம் நின்ற வருஷமே செத்துப்போன ஆள்.

பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசி டிராம் ஓடிய சாயங்காலம் பேய் மழை. முன்பக்கம் திறந்த வண்டியில் தொப்பலாக நனைந்தபடி ஓட்டியவர் இவர்தான். வெளிச்சம் போதவில்லை என்று படக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் படத்துக்காக அதே வண்டியை இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார்கள். இவர் காய்ச்சலில் படுத்துவிட, நெட்டையை நிறுத்தினார்கள். அந்தப் படம் இன்னும் இருக்கும் என்று யார் கண்டது? பணிமனையில் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று.

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்று பெரியவர் எழுந்தார். அதற்குள் முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். நெட்டையின் மனைவி.

"இவர்தாங்க என் வீட்டுக்காரர். கடைசி வண்டியை இவர்தான் ஓட்டினாருன்னு யாருமே எங்கிட்ட சொல்லலையே," என்றாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள். போட்டார்கள்.

காப்பகத்துப் பெண் பெரியவரிடம் மைக்கை நீட்டினாள். அன்றைக்குக் கடைசி வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டாள். பெரியவர் திரையைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார்.

"இவர்தாம்மா ஓட்டினாரு. நான் அன்னைக்கு லீவு."

பதிவாகிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள், இத்தனை வருஷம் எதற்காக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்று. சும்மா ஒரு பெருமைக்குத்தான் என்றார். மாப்பிள்ளை, போகட்டும் விடுங்க மாமா, வயசானா அப்படித்தான் என்று தட்டிக்கொடுத்தார்.

பக்கத்தில் மனைவி வாயைத் திறந்தாள். அந்த மழை ராத்திரி அவருடைய ஈரச் சீருடையைப் பிழிந்து உலர்த்தியவள் அவள். பெரியவர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் கையை உருவிக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, மகளும் மாப்பிள்ளையும் முன்னால் போன பிறகுதான் பேசினாள்.

"அவ புருஷனை அவளுக்குக் குடுத்துட்டீங்க, சரி. என் புருஷனைப் பொய்யனாக்க உங்களுக்கு யாருங்க உரிமை குடுத்தது?"