முகவரி கொடுக்காத உள்ளீடு

படார்!

மேஜை மேலிருந்த கீபோர்டு எகிறிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை. ஆபீஸில் நானும் என் மனைவியின் தம்பியும் மட்டும். ஒரு புரோகிராமிங் மொழியின் லைப்ரரிக்காக, அதாவது தயார்நிலைக் கட்டளைத் தொகுப்புக்காக, உள்ளீட்டு ஃபங்ஷன் எழுதிக்கொண்டிருந்தோம். கீபோர்டில் தட்டுவதைப் படித்து, எண்ணா சொல்லா என்று பிரித்து, கம்ப்யூட்டர் நினைவகத்தில் நாம் முகவரி கொடுக்கும் இடத்தில் எழுதி வைப்பதுதான் அதன் வேலை.

"என்ன அத்தான், அக்கா மேல இருக்கற கோபத்தைக் கீபோர்டு மேல காட்டறீங்க?"

"நான் தொடவே இல்லடா!"

சிரித்தான். வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்த கீபோர்டை எடுத்து, மாலை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

திரையில் சோதனை புரோகிராம் காத்திருந்தது. கர்சர் துடித்தது. கீபோர்டு இணைப்பில் இல்லை... ஆனாலும் எழுத்துகள் விழுந்தன.

நெரி.

'ஒரு சொல் படித்தாயிற்று' என்றது புரோகிராம். சேமிக்கும் இடத்தைப் பார்த்தேன். காலி. அப்போதுதான் என் தவறு புரிந்தது. முகவரியைக் கொடுக்க மறந்திருந்தேன். படித்த சொல் வேறு எங்கோ போய் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கே...?

'க்ர்ர்க்...'

திரும்பினேன். அவன் கழுத்தில் வயர் இறுகிக்கொண்டிருந்தது. முகம் நீலம். மூக்கில் ரத்தம். கால்கள் நாற்காலியை உதைத்தன.

"அத்... தான்... விடு... விடுங்க..."

பாய்ந்தேன். வயருக்கும் தோலுக்கும் நடுவில் விரல்களைச் செருகி இழுத்தேன். அவன் நெற்றி மேஜை விளிம்பில் மோதிப் பிளந்தது.

திரையில் அடுத்த சொல்.

இன்னும்.

பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

மளுக்!

அவன் தோள் எலும்பு.

கத்தரிக்கோலை எடுத்தேன். வயரை வெட்டினேன். சரிந்தான். மூச்சு...

இருந்தது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் ஆபீஸில் அந்தக் கீபோர்டைத் தேடிப் பார்த்தேன். வயரில் ஒரு வெட்டுகூட இல்லை. என் இரண்டு மணிக்கட்டிலும் நகக்கீறல்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் அவன் கட்டிலில் சுவரோடு ஒண்டினான்.

"பயப்படாதடா. அந்த வயரைத்தான் வெட்டிட்டேனே!"

அவன் குரல் வெறும் காற்றாக வந்தது.

"வயரை நான் அப்பவே கழுத்துலேருந்து கழட்டி வெச்சிட்டேன் அத்தான்... நெரிச்சது உங்க கை."