அசனாவின் கொடியில் ஒரு குச்சி

இன்று கிண்ணியாவில் யாரைச் சந்திக்கக் கிடைத்தது தெரியுமா? தூண்டில்காரர் ஜவாஹிரை! முப்பது வருடமாகக் கொட்டியாரக் குடாவில் கைத்தூண்டில் போடுகிறவர். இன்று தோணி இறக்கவில்லை. முற்றத்தில் பட்டுப்போன திராட்சைக் கொடியின் முன்னால் குந்தியிருந்தார்.

அது அவருடைய மனைவி அசனா நட்ட கொடி. அசனா மௌத்தாகி, கண்மூடி ஒன்றரை வருடம். மார்கழி வெள்ளம் ஒன்பது நாள் வேரில் நின்றது. தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. பச்சை மிச்சமிருந்த இடத்தில் ஜவாஹிர் பதினைந்து குச்சிகள் வெட்டினார். பென்சில் தடிப்பு, குச்சிக்கு நாலு கணு. ஒன்றை அன்றைக்கே நிலாவெளியில் திராட்சை வளர்க்கும் சஜீத்தின் கொடியில் ஒட்டுக் கட்டக் கொடுத்தார். மற்றவற்றை மணலும் எருவும் நிரப்பிய பைகளில் ஊன்றினார்.

மூன்றாம் கிழமை பதினான்கும் துளிர்த்தன! ஆனால் குச்சி தன்னிடமிருந்த சத்தைத் தின்றே துளிர்க்கும். துளிர் வந்ததால் வேர் வந்ததாகாது. ஜவாஹிரின் கை சும்மா இருக்கவில்லை. தினமும் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"வாப்பா, திரும்பவும் இழுக்கிறீங்களா? இதென்ன தூண்டிலா, மீன் கடிச்சிட்டா எண்டு பாக்க?" என்று மகள் ஜுமானா ஏசினாள்.

"சும்மா தொட்டுத்தான் பாத்தனான் புள்ள."

தொட்டுத் தொட்டே நூல் போன்ற வேர்கள் அறுந்தன. பதினான்கும் வாடின. ஒட்டுக் கட்டியதை மட்டும் பார்க்கக்கூடப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். போன கிழமை அதுவும் கறுத்துவிட்டது.

"உம்மா எடுத்து வச்ச விதை அலுமாரிக்குள்ள கிடக்கே. போடுவமா வாப்பா?"

"விதையில வாறது வேற கொடி புள்ள. உம்மாட கொடி குச்சியிலதான் வரும்."

அசனா இருந்தபோது வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு குச்சி கொடுத்தனுப்புவார். ஒருநாள் ஜவாஹிர்தான் கத்தினார்: "ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுத்தா நமக்கு என்ன மிஞ்சும்?" அதன்பின் அசனா குச்சி வெட்டக் கத்தியைத் தொடவில்லை. கொண்டுபோனவர்கள் யார் யாரென்று அசனாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இதைச் சொல்லும்போது ஜவாஹிர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூதூரிலோ சாம்பல்தீவிலோ ஈச்சிலம்பற்றிலோ, உங்கள் வீட்டில் அசனா தந்த கொடி நிற்கிறதா? அதன் பழம் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், தோல் மட்டும் புளிக்கும். ஒரேயொரு குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். தூண்டில்கார ஜவாஹிர் வீடு என்றால் கிண்ணியாவில் காட்டுவார்கள். உங்களிடம் இல்லையென்றால் இதைப் பகிருங்கள், கொண்டுபோனவர் கண்ணில் படட்டும். பையில் மண் நிரப்பி வைத்திருக்கிறார். இந்த முறை ஜுமானாவின் அறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறார்.